விகுதி

இரவு இரண்டு நாற்பது.
கேஷுவாலிட்டி வாசலில் ஆட்டோ நின்றது.
பெயர் தேசிங்கு. வயது நாற்பத்தாறு.
எந்த ஏரியா?
'பெரும்பாக்கம், ஹவுசிங் போர்டு' என்றாள் மனைவி.
அந்தச் சொல்லிலேயே என் பேனா
பாதி நோயை எழுதி முடித்துவிட்டது.

கால் பின்னுகிறது, நாக்கு குழறுகிறது,
சட்டையெல்லாம் வியர்வை.
குனிந்தேன். நெடி அடித்தது.
'மது வாடை' என்று எழுதிப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கொக்கி மாதிரி வளைந்த குறி அது,
ஆளை அதிலேயே தொங்கவிடலாம்.

'என்னய்யா, எவ்ளோ குடிச்ச?'

'குடிக்க மாட்டாருங்க' என்றாள் அஞ்சலாட்சி.
'நைட் டூட்டிங்க. குப்பை லாரிங்க.
சுகர் மாத்திரையப் போட்டுட்டு
சாப்பிடாமப் போயிட்டாருங்க.'

நான்கு ங்க.
நான் எண்ணியது பிறகுதான்.
அப்போது அது மின்விசிறிச் சத்தம்.

'ஓரமாப் படுக்க வை. தெளியட்டும்.'

அன்றிரவே பத்து மணிக்கு
பெசன்ட் நகர் நடைபாதையிலிருந்து
ஆம்புலன்ஸ் ஒருவரைக் கொண்டுவந்தது.
வெள்ளை ஷூ. அதே தள்ளாட்டம், அதே வியர்வை.
என் கை தானாக நாற்காலியை இழுத்துப் போட்டது.
'உட்காருங்க சார், சுகர் இருக்கா?
எப்ப சாப்பிட்டீங்க?'
அவரை நான் முகர்ந்து பார்க்கவில்லை.

சகாயமேரி எதுவும் சொல்லவில்லை.
தேசிங்கின் விரல் நுனியில் குத்தி
மீட்டரை என் பக்கம் திருப்பினாள்.
முப்பத்தெட்டு.

டெக்ஸ்ட்ரோஸ் ஏறியது.
நாற்பது நிமிடம் ஓரமாகக் கிடந்தவர்
கண் திறந்து கேட்ட முதல் கேள்வி:
'வண்டிய யாருங்க எடுத்துனு போனாங்க?'

சுவரோரம் போய்
ஸ்பிரிட் பாட்டிலை அமுக்கினேன்,
உள்ளங்கைகளைத் தேய்த்தேன்,
முகத்தருகே கொண்டுபோனேன்.

அதே நெடி.

விகுதி திணை காட்டும், பால் காட்டும்,
எண்ணும் இடமும் காட்டும் என்று
எட்டாம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன்.
இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை.
பெரும்பாக்கம் என்று
புத்தகத்தில் இல்லை.

கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்தேன்.
ஒற்றைக் கோடு, கையெழுத்து, நேரம்.
அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும்,
விதி அப்படி.
மையைக் கொட்டி மறைத்துவிடலாம் என்று
ஒரு கணம் தோன்றாமலில்லை.
அஞ்சலாட்சியிடம் போய்
'தப்பா நெனச்சிட்டேங்க' என்றேன்.
அவள் தலையாட்டினாள்.
மன்னிப்பா, பழக்கமா, தெரியவில்லை.

இப்போதெல்லாம்
தள்ளாடி யார் வந்தாலும்
முதலில் விரல், பிறகுதான் கேள்வி.
எழுதிய பிறகு ஊர்ப்பெயரைக் கையால் மூடி
இன்னொரு முறை படித்துப் பார்க்கிறேன்.
பெசன்ட் நகர் என்றிருந்தால்
இதையே எழுதியிருப்பேனா?

ஆனாலும் சில இரவுகளில்
நான்கு மணி வாக்கில், பதினேழாவது நோயாளியிடம்
ங்க உதிர்ந்துவிடுகிறது.
ஊசிக்கு மருந்து எடுத்தபடியே
சகாயமேரி ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறாள்.

திரும்பிப் போய்
அதே கேள்வியை மறுபடி கேட்கிறேன்.
'எப்ப சாப்பிட்டீங்க?'