தண்ணீர் வந்த கிழமை

படத்தில் பார்த்தபோது எளிதாகத்தான் இருந்தது.
மூன்று மீட்டர் நீளத்தில் இரும்புப் பீடங்கள், பதினான்கு.
மேலே காந்தங்களை உட்கார வைப்பார்கள்.
மேல்தளத்தின் மேடுபள்ளம்
இருபது மைக்ரானைத் தாண்டக் கூடாது.
முடி எழுபது வருது மேடம் என்றாள் நஸீமா,
தன் தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி அளந்துவிட்டு.

சூரமங்கலத்தில் எங்கள் பட்டறை.
இந்தப் பக்கம் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிறார்கள்.
அந்தப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குச் சல்லடை அடிக்கிறார்கள்.
நடுவில் நாங்கள்,
வடக்கே எங்கோ எலக்ட்ரான் ஓடும் வளையம் ஒன்றைப்
புதுப்பித்துக்கொண்டு.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ரேணுகா பதக்
டெலிவரி சலானின் பின்பக்கம் வட்டம் போட்டார்.
நேரே ஓடும்வரை அது இருட்டுதான்.
திருப்பினால் ஒளி சிந்தும்.
பழைய வளையத்தில் ஒரு கட்டத்துக்கு இரண்டு திருப்பம், வெடுக்கென்று.
புதியதில் ஏழு, மெல்ல, மெல்ல.
அதே சுரங்கம், அதே சுற்றளவு.
ஒரு சுவரையும் இடிக்கவில்லை.
கற்றை மட்டும் ஜமுக்காள நூலிலிருந்து
பட்டு இழையாக இளைக்கும்.
பேட்டரிக்குள் விரிசல் விழுகிற அந்த நொடியை
அப்போது கலங்காமல் பார்க்கலாம்.

அப்படின்னா ஏற்காடு ரோட்டையும் மாத்திப் போடலாமே,
மாதேசன் மில்லிங்கை நிறுத்திவிட்டு வந்தான்.
இருபது கொண்டை ஊசியை நூத்தி நாப்பதாக்கினா
எம்பொண்ணு வாந்தி எடுக்காது.
பதக் சிரிக்கவில்லை, யோசித்தார்.
மலையில் இடம் போதாதே.
எங்களுக்கும் அதுதான் சிக்கல்,
காந்தத்துக்கும் காந்தத்துக்கும் நடுவே
கை நுழையாது.

மூன்றாவது பீடம் முப்பத்தொன்று காட்டியது.
மறுபடி செதுக்கினோம். பன்னிரண்டு.
ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.
காலையில் இருபத்தொன்பது.

யாரும் தொடாத இரும்பு.
ஏசி இருபது டிகிரியில் நிற்கிறது.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் மதியம் வைக்கும் வெடியா?
ஜங்ஷனில் மாறும் கூட்ஸ் வண்டியா?
இரண்டு மணிக்கும் மூன்றுக்கும் இடையில்
ஊர் அசையாத நேரம் பார்த்து அளந்தோம்.
மாதேசனின் மூச்சைக்கூடச் சந்தேகித்தேன்,
வெளியே நிற்கச் சொன்னேன்.
அவன் பீடி பற்றவைக்கும் சத்தம்
கதவு வழியே கேட்டது.

பதினோரு நாள் அளவுகளைச் சுவரில் ஒட்டி
நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.
நஸீமா அதைப் பார்க்கவே இல்லை.
பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள்.
அதில் பெருக்குகிற பாவாயி
மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் டிக் போடுவாள்.
நாலு நாளைக்கு ஒருமுறை.

தண்ணி வந்த கிழமையெல்லாம் கோணுது மேடம்.

தரைக்கு அடியில் சம்ப்.
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
நிறையும்போது தரை மயிரிழையில் பாதி வளைந்து
ஆறு காலில் நிற்கும் பீடத்தையும் வளைத்து,
வற்றும்போது பேசாமல் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.
இருபத்திரண்டு வருடம் அதன்மேல் நடந்திருக்கிறேன்.

சம்பை வற்றவிட்டோம், ஏழு வாரம்.
கேட்டுக்குப் பக்கத்தில் கறுப்பு டேங்க் ஒன்று வாங்கி வைத்தோம்.
எவனோ லைட்டு போட்டுப் பாக்கறதுக்கு
இங்க நான் குடம் தூக்கணுமா என்று
பாவாயி கேட்டாள். கேட்டுக்கொண்டே தூக்கினாள்.
அந்த மாதம் அவளுக்கு எண்ணூறு சேர்த்துப் போட்டேன்.
போதாது, எனக்கும் தெரியும்.

தொப்பூர்க் கணவாயில் மெல்லப் போகச் சொல்லி
லாரி டிரைவரிடம் மூன்று முறை சொன்னேன்.
பதினான்கும் போய்ச் சேர்ந்தன.
பதினொன்றாவதன் ஒரு மூலை மட்டும் பத்தொன்பது,
அதை நினைத்தால் இன்றும் விழிப்பு வருகிறது.

தரக்கோப்பில் பாவாயியின் நாட்காட்டித் தாளையும்
நகலெடுத்துச் சேர்த்திருந்தேன், பின்னிணைப்பு நான்கு.
இந்த டிக் எந்த அலகில் என்று
பதக் எழுதிக் கேட்டிருக்கிறார்.
இன்னும் பதில் போடவில்லை.