வெறுங்கை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்
என் பெட்டிக்கடைக்கு வர்க்கி வந்திறங்கும் நேரம்
குரங்குகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உண்டிவில் வாங்கியது போன ஐப்பசியில்.
கல் வைத்ததில்லை ஒருநாளும்.
ரப்பரை இழுத்தாலே போதும்,
தகரக்கூரை அதிரக் கூட்டமே ஓடும்.

காது கிழிந்தவள் மட்டும் இன்று ஓடவில்லை.
மஞ்சில் நனைந்த மயிரோடு
கல்லாப்பெட்டி மேல் வந்து உட்கார்ந்தாள்.
மூடியிருந்த என் கையைப் பிடித்து
விரல் விரலாகப் பிரித்தாள்,
சுண்டுவிரல் கடைசியாக.

உள்ளே ஒன்றுமில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது
பாக்கிச் சில்லறையை அமுக்கியவன்போல் நின்றேன்.
பிறகு
ஒரே ஒரு வர்க்கியை எடுத்துக்கொண்டு
அவசரமே இல்லாமல்
ரோட்டைக் கடந்தாள்,
மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு
வழிவிட்டு.