கீச்

டவுன்ஹால் ரோட்டு மாடிக்கடையில்
அபுதாகிர் இரண்டு உறைகளை எடுத்து வைத்தார்.
இது வட்டச் சுற்று, எண்ணூற்றைம்பது.
இது தட்டைச் சுற்று, இரண்டாயிரத்து நானூறு.
ஒரு கச்சேரிக்கு எனக்கு எழுநூறு.
பெட்ரோல் என்னுடையது.

"வட்டமே போடுங்க, வெங்கலப் பானை மாதிரி கணீர்னு நிக்கும்.
தட்டை, போர்வைக்குள்ள பேசுற மாதிரில்ல இருக்கும்."

பகலில் நான் விற்பது சரிகை,
தெற்கு மாசி வீதியில்.
பட்டு நூலின்மேல் தட்டையாக அடித்த வெள்ளியை
இடைவெளி விடாமல் சுற்ற வேண்டும்.
உருண்டைக் கம்பியைச் சுற்றினால்
தாலி ஏறுவதற்குள் பெண்ணின் இடுப்பு சிவந்துவிடும்.
உறையைப் பிரிக்காமலே எனக்குத் தெரியும்
எதற்குள் எந்தத் தோல் என்று.

சத்தம் அல்ல என் பிரச்சினை.
தனுஷ்கோடி மாஸ்டர் எந்த ஊரிலும் விடாத
மெதுவான பாட்டு ஒன்று.
இரண்டாம் சரணத்துக்கு முன் எல்லா வாத்தியமும் அடங்கும்.
இருதயமேரி மைக்கை வாயோடு வைத்து
மூச்செடுப்பார்.
கொட்டாம்பட்டியில், சோழவந்தானில்,
முறுக்குக் கடிக்கிறவர்கூட நிறுத்திவிடுவார்.
அந்த நேரம் பார்த்து
என் இடது கை இரண்டாம் கட்டையிலிருந்து ஏழுக்கு ஏற வேண்டும்,
ஏ கம்பியின் மேலேயே.
கீச்.
ஈரச் செருப்பு. எலி.
மூன்று வருடமாக
அந்த மூச்சின்மேல் அழுக்குக் கையை வைக்கிறேன்.
அவரிடம் இதைச் சொன்னதில்லை.
வர்றேன் சார், போறேன் சார், அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

தட்டையை வாங்கினேன்.
தேவகியிடம் பாதி விலை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் போன மதியம்,
பழையதைக் கழற்றினேன்.
புதியது விறைப்பு. பேஸின் கழுத்து லேசாகக் குனிந்தது,
சாவி போட்டுக் கால் திருப்பு திருப்பி நிமிர்த்தினேன்.
எண்ணெய் தேய்த்த முதுகில் போவதுபோல் விரல் போனது.
ஸ்பீக்கர் வேண்டியிருக்கவில்லை.
தும்.
நெஞ்செலும்பில் கேட்டது.

அவனியாபுரத்தில் கோயில் பொங்கல்.
ஜெனரேட்டர் தூரமாக, மைக்செட் சுத்தமாக.
பாட்டு வந்தது. வாத்தியங்கள் அடங்கின.
மூச்சு கேட்டது.
என் கை ஏறியது, ஒரு தூசி எழுப்பாமல்.
அதற்குப் பிறகும்
ஒன்றும் கேட்கவில்லை.
இருதயமேரி நின்றுகொண்டிருந்தார்.
டிரம்ஸ் சேவுகன் தூக்கிய குச்சி தூக்கியபடி.
ஒரு தாளம் போனது.
இன்னொன்று.
அவர் திரும்பிப் பார்த்தார்,
பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.
சரணம் ஒருவழியாக வந்து சேர்ந்தது.
கூட்டம் அதற்கும் கைதட்டியது.

வேனில் ஏறும்போது கேட்டார்:
"என்ன சார், அந்தக் கீச்ச எங்க வச்சிட்டு வந்தீங்க?
மூச்ச இழுத்து முடிச்சா நீங்க கீச்சுனு வருவீங்க,
அதக் கேட்டுத்தான வாயத் திறப்பேன்.
எனக்கு அதான் எடுப்பு."

ரிங் ரோடு வரை நான் ஒன்றும் பேசவில்லை.

ஸ்கூட்டர் பெட்டியில் சுருண்டு கிடந்தது பழைய ஏ கம்பி.
பால் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தேன்.
தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது.
"இனி அந்தச் சட்டியில
யாரு பால் காய்ச்சுறதாம்?" என்றாள் தேவகி,
விலையையும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது மூன்று தட்டை, ஒரு வட்டம்.
இழுவை ஒத்துவரவில்லை.
"ஏ-யில மட்டும் என்னய்யா பல்லக் காட்டுது?"
மாஸ்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
இரண்டாயிரத்து நானூறில் கால் பங்கு
உறைக்குள் திரும்பிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பாலமேடு.
விரல் வேர்த்தால் கீச் வராது.
துண்டு ஒன்று
கூடுதலாக எடுத்துவைத்திருக்கிறேன்.