மூன்று அடுக்கு

பெர்னதெத் புதுச்சேரி அலுவலகத்திலிருந்து அனுப்பிய பட்டியலில்
முதல் வரியே எனக்குப் பிடிபடவில்லை.
ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு உடுத்த வேண்டுமாம்.
வெங்காயம் மாதிரி மேடம், என்கிறாள் குரல் செய்தியில்,
குளிரக் குளிரச் சேர்க்கணும், வெயில் வந்தா உரிக்கணும்.
இங்கே பங்குனி.
மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாய்கள் வேன்களுக்கு அடியில்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பேரம் பேசி
வாங்கி வந்த உள்சட்டையை, கம்பளியை, மழைக்கோட்டை
மின்விசிறிக்கு நேர்கீழே நின்று போட்டுப் பார்த்தேன்.
அவர் போட்டோ எடுக்கப் போனை நிமிர்த்தியதும்
கரண்ட் போனது.

காலுறை போட்ட நிமிஷமே மெட்டியில் மாட்டிக் கிழிந்தது.
மெட்டியை என்ன செய்வதென்று பட்டியலில் இல்லை.
ராத்திரி விருந்துக்குக் கொஞ்சம் நன்றாக உடுத்தினால் போதுமாம்.
கொஞ்சம் என்றால் ஆரணிப் பட்டா, கோஆப்டெக்ஸ் பருத்தியா?
புடவைக்குள் குளிர்க் கால்சட்டை என்று முடிவு.
மேல்தளத்தில் வழுக்காத ரப்பர் அடி ஷூ.
பருப்புப்பொடி இரண்டு பொட்டலம், உப்பு நார்த்தங்காய் ஒன்று.
கூடாது என்றாள். வைத்துவிட்டேன்.

கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு:
ரைன் நதியில் நீர் குறைந்தால் கப்பல் தரைதட்டும்,
கூடினால் பாலத்துக்கு அடியில் நுழையாது,
இரண்டுக்கும் பேருந்து உண்டு,
கையில் ஒரு சிறு பை தயாராக இருக்கட்டும்.

இதை மட்டும் நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.
எங்கள் கெடிலத்தில் மாடு மேயும், இல்லையென்றால் வீடு மிதக்கும்.
நடுவில் ஓர் அளவு உண்டென்று
பெண்ணையாறும் எனக்குச் சொன்னதில்லை.

முந்தின வருஷக் கார்த்திகை, இரவு இரண்டரை.
அணையைத் திறந்துவிட்டார்கள் என்று யாரோ கத்தியபோது
குண்டு உப்பலவாடியில் எங்கள் வாசலில் மூன்றாவது படி இல்லை.
எடுத்தது:
ரேஷன் கார்டு, அவருடைய சுகர் மாத்திரை,
போன் இல்லாமல் சார்ஜர் மட்டும்,
அரிசிச் சாக்குக்குள்
பத்திரமாக இருக்கட்டும் என்று என்னிடம் கொடுத்துவைத்த
நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பாலிசிப் பத்திரங்கள்.
எடை பார்க்கவில்லை.
உடுத்தியிருந்தது:
நைட்டி, அதன்மேல் அவருடைய கட்டம்போட்ட சட்டை,
அதன்மேல் தீயணைப்புக்காரர் மாட்டிவிட்ட ஆரஞ்சு உடுப்பு.
கால்களில் வேறு வேறு செருப்பு.
அஞ்சாபுலி வீட்டுப் பீரோ
எங்கள் படகுக்கு முன்னால், கதவு திறந்தபடி, வழிகாட்டிப் போயிற்று.
மேட்டில் இறங்கியதும் அந்த உடுப்பைத் திருப்பிக் கேட்டார்,
அடுத்த நடைக்கு வேண்டும் என்று.

தண்ணீர் வடிந்த மார்கழியில்
சேறு அள்ளிய கையோடு ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள்.
ஆறு வருஷமாக நாளைக்குப் பார்க்கலாம் என்ற அஞ்சாபுலி
முதல் தவணையை ஈர நோட்டாகத் தந்தார்.
கொடியில் க்ளிப் போட்டுக் காயவைத்தேன்.
அந்தப் பங்குனிக்குள் இலக்கைத் தாண்டிவிட்டேன்.
பரிசு: எட்டு நாள், நதிக்கப்பல், ஜன்னலோர அறை.
மேடையில் மைக்கைத் தந்து
இந்த வெற்றிக்கு யார் காரணம் என்றார்கள்.
கிளை மேலாளர் பெயரைச் சொன்னேன்.

இன்று பெட்டியைப் பழைய இரும்புக்கடைத் தராசில் தொங்கவிட்டோம்.
இருபத்துநாலு நானூறு.
மைதீன் பாய் சிரித்தார், பித்தளையா என்று கேட்டார்.
ஷூவை எடுத்துக் காலில் மாட்டினேன்.
மழைக்கோட்டை இடுப்பில் கட்டினேன்.
நார்த்தங்காயை எடுக்கவில்லை.
இருபத்திரண்டு எண்ணூறு.

ராத்திரி பெர்னதெத்துக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் அனுப்பினேன்:
லைஃப் ஜாக்கெட் அங்கேயே தருவாங்களா?
அறையிலயே இருக்கும் மேடம்.
முதல் நாள் எப்படிப் போடுறதுன்னு காட்டுவாங்க.
அப்புறம் அதை யாரும் தொட மாட்டாங்க.

திருப்பிக் கேட்பார்களா
என்று டைப் செய்து
அழித்தேன்.