வரிசை எண் 2207

விச்சிட்டாவில் பிப்ரவரி.
கோதுமை வயல்களின் மேல் அழுக்கேறிய பனி.
எங்கள் ஊர் விமானங்களுக்கு முதல் பயணம்
ரயிலில்தான்:
இறக்கை இல்லாமல், வால் இல்லாமல்,
குடலெடுத்த மீன்கள்போல்
ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

வெர்னா கிரேபீல் முழங்காலிட்டு
பின்பக்க அழுத்தச் சுவரின் அடியில்
தலையை நுழைத்திருந்தாள்.
கையில் அளவுத் தகடு.
அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் ஏழு.
அந்தத் தகடு அங்கே நுழையக் கூடாது.
நுழைந்தது,
ஒரு சத்தமும் இல்லாமல்.

"டுவெய்ன், நீ பார்" என்று என்னிடம் கொடுத்தாள்.
நானும் நுழைத்தேன்.
இதை விட்டுவிடாமல் சொல்லவேண்டும்:
நானும் பார்த்தேன்.

ஒரு மெல்லிய தகட்டைச் சீவி
இடைவெளியை அடைக்கவேண்டும். நாற்பது நிமிட வேலை.
அன்றைக்கு அப்படி இடங்கள் பதினேழு.
ரயில் நாலரைக்கு.

மாடியிலிருந்து ஹாலோவே இறங்கி வந்தார்.
நல்ல மனிதர்.
என் மகள் பிறந்தபோது தொட்டில் வாங்கித் தந்தவர்.
கத்தவில்லை. கணக்குச் சொன்னார்.
இந்த இடைவெளியால் இதுவரை விழுந்தவை: பூஜ்யம்.
தாமதத்தால் கைநழுவிய ஒப்பந்தங்கள்: இரண்டு.
"வரைபடம் போடுகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள், வெர்னா.
ஒன்று போதுமென்றால் இரண்டு என்று எழுதுவார்கள்."

வெர்னா தகட்டைச் சட்டை நுனியில் துடைத்தாள்.
"அந்த இரண்டாவது
பயணிகளுடையது" என்றாள்.
"எடுத்துச் செலவழிக்க
அது நம் பணமில்லை."

தன் முத்திரையைப் பைக்குள் போட்டு
பொத்தானை மாட்டினாள்.
அவ்வளவுதான் அவள் செய்த கலகம்.
திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் கிடங்கில் வேலை,
கையுறைகளை எண்ணி வைப்பது.

ஹாலோவே என் பக்கம் திரும்பினார்.

வீட்டுக் கடன் பற்றி இங்கே சொல்லலாம்.
சொல்லப் போவதில்லை.
வெர்னாவுக்கும் வீட்டுக் கடன் இருந்தது.

417. என் எண்.
மை காயுமுன் ரயில் கிளம்பிவிட்டது,
2206-ஐயும் 2207-ஐயும் சுமந்துகொண்டு.
அந்தக் காலாண்டில் எல்லோருக்கும்
கம்பெனி பெயர் தைத்த மேலங்கி கொடுத்தார்கள்.
பனி அள்ளும்போது இன்றும் போட்டுக்கொள்கிறேன்.
கதகதப்பானது.

ஒன்பது வருடம் எதுவும் ஆகவில்லை.
பிறகு ஒரு மழைக் காலையில், மலைகளின் மேல்,
2206.
எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்.
அந்த ஊர்ப் பெயரை என் வாயால்
அவர்கள் கேட்கவேண்டாம்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.
கம்பெனி அபராதம் கட்டியது.
பங்கு விலை இரண்டு நாள் சரிந்து
மூன்றாம் நாள் எழுந்து நின்றது.

வெர்னா வீட்டுக்குப் போனேன்.
வலைக்கதவைத் திறந்தாள். உள்ளே வா என்னவில்லை.
அழுவாள், அல்லது அறைவாள் என்று நினைத்திருந்தேன்.
ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
"மற்றது எங்கே?"

மற்றது
மூன்று கை மாறிவிட்டது. வாலில் புதிதாக ஒரு பறவை.
நான் எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரிப் பதில்:
அடுத்த பெரும் சோதனையின்போது கவனிக்கப்படும்.
ஏறும்போது அந்தச் சுவர் ஒரு மூச்சு இழுக்கும்,
இறங்கும்போது விடும்.
இதுவரை இருபத்திரண்டாயிரம் மூச்சு.
நான் கணக்கு வைத்திருக்கிறேன்.
ஹாலோவேயிடம் கற்றுக்கொண்டது.

இப்போது இரவு இரண்டு மணி.
கைபேசித் திரையில், கடலின் நீலத்தில்,
அரிசி அளவு மஞ்சள் விமானம்.
முப்பத்துமூவாயிரம் அடி.
சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்திருப்பார்கள்.
யாரோ ஒரு குழந்தை
பின்வரிசை இருக்கையில் உதைத்துக்கொண்டிருக்கும்.
உதைக்காதே என்று
கான்சஸில் ஒரு சமையலறையில் உட்கார்ந்து சொல்கிறேன்.

கரை வருகிறது.
எண்கள் குறைகின்றன. எட்டாயிரம். மூவாயிரம்.
மஞ்சள் சாம்பல் நிறமாகிறது.
இறங்கிவிட்டது.

விளக்கை அணைக்கிறேன்.
ஆறு பத்துக்கு
மீண்டும் ஏறும்.