எழுத்துப்பிழை

நான்தான் துப்பாக்கிகளை எண்ணினேன்.
கொரங்கோசா அடிவாரத்தில், மாமர நிழலில்,
மூன்று நாள், ஒரு மேசை, ஒரு நோட்டு.
நூற்றுப் பதினேழு.
பாதிக்குமேல் துரு.
நல்லவை எங்கே என்று மேஜர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஹெலிகாப்டரில் வந்திறங்கிய அமைச்சர்
"முடிந்தது" என்றார்.
புழுதி அடங்கப் பத்து நிமிடம் பிடித்தது.

சொஸீன்யு மஷோக்கு கொடுத்தது தொண்ணூற்று நான்காவது.
பெற்றுக்கொண்டது
ஒரு மண்வெட்டி, கூரைக்கு ஆறு தகரம், ஒரு சைக்கிள்,
ஓய்வூதியச் சீட்டு ஒன்று.
சீட்டு எழுதியதும் நான்தான்.
பேனா நழுவியது. பெயரின் கடைசி வட்டத்துக்கு
ஒரு வால் முளைத்து
மஷோக்கு, மஷோக்கா ஆகிவிட்டான்.

பெய்ராவில் உள்ள கணினிக்கு மஷோக்காவைத்தான் தெரியும்.
மஷோக்குவை
அவன் மனைவி லுதோவினாவுக்குத் தெரியும்,
அவன் சுட்டவர்களின் வீட்டாருக்குத் தெரியும்.

முதல் வருடம்
எல்லாப் பொத்தானும் போட்ட சட்டையில் வந்தான்.
அடுத்த மாதம் வா என்றேன்.
அடுத்த மாதமும் அதையே.
மூன்றாம் வருடம் நடந்து வந்தான்.
சைக்கிள்?
"உன் ஆபீசுக்கு வந்துபோன செலவு."

திருத்தக் கோரி நான்கு கடிதம் எழுதினேன்.
நான்காவதற்குப் பதில் வந்தது:
முத்திரைத்தாள், இரண்டு சாட்சி, பிறப்புச் சான்று.
அவன் பிறந்த ஊர்ப் பதிவேட்டை எரித்தது
எங்கள் பட்டாளமா அவர்களுடையதா என்று
இன்னும் முடிவாகவில்லை.

அதற்குள் சாலையில் சோதனைச்சாவடி வந்துவிட்டது.
அதற்குக் காசு இருந்தது.
சந்தைக்குப் போகும் மூன்று கோழியில்
ஒன்று சாவடிக்கு.

பிறகு ஒரு மாதம் அவன் வரவில்லை.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் லாரி எரிந்தது மழைக்கு முந்தைய வாரம்.

தலைநகரிலிருந்து வந்தவர்கள்
சுவரில் வரைபடம் மாட்டினார்கள்.
பணம் எந்த நாட்டிலிருந்து, கொள்கை என்ன,
பின்னால் இருப்பது யார்?
நோட்டைத் திறந்து தொண்ணூற்று நான்காம் வரியைக் காட்டினேன்.
இழுப்பறையில் இதுபோல் இன்னும் முப்பத்தொரு சீட்டு,
ஒரு நாள் வேலை ஐயா,
ஒரு கையெழுத்து, ஒரு ரப்பர் முத்திரை என்றேன்.
குறித்துக்கொண்டார்கள்.
நல்லவை எங்கே என்று
இப்போது கேட்கிறார்கள்.

தேடப்படுவோர் பட்டியல் நேற்று வந்தது.
மூன்றாவது பெயர்: சொஸீன்யு மஷோக்கு.
ஓர் எழுத்தும் பிசகவில்லை.

வெளியே பெஞ்சில் இன்னொருவன் காத்திருக்கிறான்.
சைக்கிளை இன்னும் விற்கவில்லை.