மூன்று ஆம்ப் கடன்

ஒன்பதாவது வளைவில்
பானெட்டுக்கு அடியிலிருந்து ரோஜா வாசனை வந்தது.
பீஞ்சமந்தைக் கல்யாணத்துக்குப் போன
இருபத்து நாலு பாட்டில் பன்னீர் சோடா,
வண்டி ஆறும்வரை காத்திருந்து
ஒவ்வொன்றாய் ரேடியேட்டருக்குள் போனது.
வேறு தண்ணீர் இல்லை.
பந்தல் சாமானோடு பின்னால் வந்த கோவிந்தி
கோலியைத் தட்டித் தட்டி நீட்டினாள்,
மாப்பிள்ளை வீட்டாருக்கு நீட்டுவதுபோல.

காகிதப்பட்டறையில் இத்ரீஸ் குழாயைக் கழற்றியதும்
பாகு சொட்டியது.
"இன்னாக்கா, வண்டிக்குள்ளயே
மக்கன்பேடா செஞ்சிகினு வந்துகீற?"
மூன்று நாள் சுடுதண்ணீர் விட்டு அலசினோம்.
நான்காம் நாளும் எறும்புக்கு நம்பிக்கை போகவில்லை.

தப்பு ரேடியேட்டருடையதில்லை.
பெல்ட்டில் சுற்றும் விசிறிக்குச் சொந்தப் புத்தி கிடையாது.
தார்ரோட்டில் எஞ்சின் பறந்தால் அதுவும் பறக்கும்,
அங்கே எதிர்காற்றே போதும்.
முதல் கியரில், கல்லைத் தேடித் தேடி
நாலு சக்கரமும் ஏறும்போது
எஞ்சின் முனகும், அதுவும் கூடச் சேர்ந்து முனகும்.
போன ஐப்பசியில் ஓடையில் இறக்கினேன்.
தண்ணீரை அறைந்து இறக்கை முன்னே வளைந்து
ரேடியேட்டரில் அரைவட்டமாய்க் கீறிய தழும்பு
இன்னும் இருக்கிறது.

"கரண்டு ஃபேன் மாட்டிடு" என்றான்.

துளசிங்கத்தின் பழைய இரும்புக் கடையில் மூன்று கிடந்தன.
சின்னக் காரிலிருந்து பிடுங்கியது ஒன்று,
ஒன்பது ஆம்ப், ஐந்நூறு ரூபாய்.
பெரிய காரின் ரெட்டை விசிறி,
முப்பது ஆம்ப், நாலாயிரம்,
அதைத் துணி போர்த்தி வைத்திருந்தார்.
மூன்றாவது எந்த வண்டியுடையது என்று
அவருக்கே தெரியாது.
வளைந்த இறக்கை பத்து, சுற்றிலும் கூண்டு,
ஒரு காது உடைந்தது.
இத்ரீஸ் மீட்டர் வைத்துப் பார்த்தான்: பதினெட்டு.

வேலூர் வெயில் நாற்பத்திரண்டு.
ஆல்டர்னேட்டர் தருவது நாற்பத்தைந்து,
ஊர்ந்து ஏறினால் இருபத்தைந்துதான்.
ஹெட்லைட்டுக்குப் பத்து.
பாட்டுப்பெட்டியை நானே கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

வண்டியிலேயே வைத்துக் கட்டிப் பார்த்தோம்.
சட்டைப் பையில் வேறு காகிதம் இல்லை,
சோடாக் கடைக்காரர் கொடுத்த பில்தான்.
ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்துக் கையை எடுத்தேன்.
சின்னது சுற்றியது. பில் காலடியில் விழுந்தது.
ரெட்டை விசிறி சுற்றியது.
பில் அறைந்தாற்போல் ஒட்டியது,
ஹெட்லைட் மஞ்சளாகிச் சோர்ந்தது.
பேர் தெரியாதது சுற்றியது.
பில் ஒரு நொடி தயங்கியது,
பிறகு மெல்லப் போய்ப் படிந்தது.
இருபத்து நாலு பாட்டில், பாக்கி,
எல்லாம் தெளிவாய்ப் படிக்க முடிந்தது.

"மூணு ஆம்ப் இடிக்குதே" என்றான் இத்ரீஸ்.
ஏறும்போது பேட்டரியிடம் கடன்,
இறங்கும்போது அடைத்துக்கொள்ளலாம்.
சூடு பார்த்துத் தானே ஓடட்டும்,
ஆனால் ஓடையில் நிறுத்த ஒரு சுவிட்ச் வேண்டும் என்றேன்.
ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் துளை போட்டான்.
உடைந்த காதுக்கு இரும்புப் பட்டை அடித்தான்.

நேற்று ராத்திரி சிமெண்டு மூட்டையோடு ஏறினேன்.
ஏழாவது வளைவில் எங்கோ 'டிக்' என்றது.
வெளிச்சம் ஒருமுறை கண்ணைச் சிமிட்டி
மறுபடி கல்லைக் காட்டியது.
ஒன்பதாவது வளைவில்
முள் சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது.
அதற்குமேல் நான் அதைப் பார்க்கவில்லை.

மேலே போய்ச் சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் அடங்கியது.
இருட்டில் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மூட்டை இறக்க வந்த கோவிந்தி கேட்டாள்,
"வண்டி இன்னும் நிக்கலயா?"

சுவிட்ச்மேல் விரலை வைத்தேன்.
இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.